ஆபீசுக்கு ஏற்ற பிள்ளை

வேப்பங்கரைப்பட்டியில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயசு வந்துவிட்டதா என்பதைக் காதுதான் சொல்லும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு வருசம் கம்மங்கஞ்சி குடித்துவிட்டு வரவேண்டும். பிறந்த தேதி என்று ஒன்றை அந்த ஊரில் யாரும் எழுதி வைத்ததில்லை. "பெருங்காத்து அடிச்ச வருசம்", "கிணறு வத்துனதுக்கு மறுவருசம்" என்று தாய்மார் சொல்லும் கணக்கைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதனால் தலைமை ஆசிரியர் யோபு சார் காதை நம்பினார். காதைத் தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதி என்று போட்டு, ஊர் முழுக்க ஒரே நாளில் பிறந்ததாக எழுதி வைத்த புண்ணியவான் அவர்.

சிவகாசிக்குத் தெற்கே ஆறு மைலில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த அந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு 1959-ஆம் வருசம் ஞானபூரணி டீச்சர் வந்து சேர்ந்தாள். நாசரேத்துப் பக்கத்துப் பெண். வயது இருபத்துமூன்று. ஆசிரியப் பயிற்சி முடித்த சான்றிதழின் மசி இன்னும் காயவில்லை. வந்த அன்றே காது வைபவத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கை நீண்டிருந்த காரணத்தால் நாலு வயசுக் குழந்தை ஒன்று வகுப்பில் உட்கார்ந்து பாயை நனைத்துக்கொண்டிருந்தது. கை குட்டையாகப் பிறந்த குற்றத்துக்காக எட்டு வயசுப் பெண் ஒருத்தி மூன்று வருசமாக வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

"சார், கையோட நீளத்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"காது பொய் சொல்லாது டீச்சர்," என்றார் யோபு சார். "மனுசங்க சொல்லுவாங்க."

ஞானபூரணி விடுகிற ஆள் இல்லை. பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் 'பக்குவம்' என்றொரு பாடம் நடத்தியிருந்தார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தயாரா என்பது வயசில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. மாம்பழம் பழுத்ததா என்று யாராவது அளவுகோல் வைத்துப் பார்ப்பார்களா? தாயை விட்டுப் பிரிந்து இருக்குமா, ஒரே இடத்தில் உட்காருமா, சொன்னதைக் கேட்குமா, விரல் சொன்னபடி வளையுமா, எண்ணிக்கை தெரியுமா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இதை அவள் மூன்று நாள் பேசினாள். நாலாம் நாள் யோபு சாருக்குத் தலைவலி வந்து, "உங்க இஷ்டம் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

சோதனை வைப்பதற்கு முன்னால் தாய்மாரின் மனசை அறிய வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்தது. எனவே டீச்சர் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "பிள்ளை வளர்ந்து என்ன ஆகணும்னு நினைக்கீங்க?"

பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் ஒரே பதில்தான். "ஆபீசுக்குப் போகணும் டீச்சர்."

ஞானபூரணிக்குப் புல்லரித்துப்போனது. அவளுடைய ஊரில் ஆபீஸ் என்றால் தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ், ரிஜிஸ்தர் ஆபீஸ். நாற்காலி, மின்விசிறி, மசிக்கூடு. மூன்று வருசமாக மழை பெய்யாத ஊரில், கூரை பிய்ந்த வீட்டில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நிற்கிற தாய்மார் தங்கள் மகள்களை, மகன்களைக்கூட அல்ல, மகள்களை ஆபீசுக்கு அனுப்பவேண்டும் என்கிறார்கள்! அன்று மாலையே தகப்பனாருக்குக் கடிதம் எழுதினாள். "இங்கே மழை இல்லை, கல்வி இல்லை, ஆனால் ஆசை மலையளவு இருக்கிறது." தகப்பனார் அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்து, அந்த ஊர்த் தாய்மாருக்காக விசேஷ ஜெபம் பண்ண வைத்தாராம்.

கடவுளும் கேட்டுத் தொலைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சோதனைக்குச் சாமான் வேண்டும். பயிற்சிப் பள்ளியில் பளபளவென்று துளையிட்ட மரப்பலகைகளும் வண்ணக் குச்சிகளும் இருந்தன. இங்கே இருந்தது சுண்ணாம்புக் கட்டி மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்காக வாங்கிப்போட்ட விறகைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணில் அது பட்டது. மெல்லிசான மரச்சட்டம், விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாகப் பள்ளங்கள், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வைத்தாற்போல. கூடவே மருந்து வைக்காத வெறும் தீக்குச்சிகளும் ஒரு சாக்கு கிடந்தன. கர்த்தரே அனுப்பி வைத்தது என்று நினைத்துக்கொண்டாள். அது எங்கிருந்து வந்தது, எதற்கு ஆகும் என்று ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். படித்தவர்களுக்குக் கேட்கிற பழக்கம் ஏது?

நாலு சோதனை. யோபு சார் வருகைப் பதிவேடு வாசித்து முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். பன்னிரண்டு வரை எண்ண வேண்டும். ஒரு சட்டம் நிறையக் குச்சி அடுக்க வேண்டும். அம்மாவைத் தேடி அழாமல், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்ய வேண்டும்.

சோலையம்மாள் என்ற பெண் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து விசாரித்தாள். அவளுடைய மகள் செல்லக்கனிக்கு அப்போது வயசு ஆறு இருக்கும்.

"டீச்சர், இந்தப் பரீட்சையில தேறுனா ஆபீசுக்குத் தோதுப்படுமா?"

"நிச்சயமா! ஆபீசுக்குப் போறதுக்கு இதுதாம்மா முதல் படி."

"அப்ப எம்மகளை மொத பாருங்க," என்று பிள்ளையை முன்னால் தள்ளினாள்.

சோதனை நடந்த நாளில் ஊரே பள்ளிக்கூட முற்றத்தில் கூடியிருந்தது. பதினெட்டுப் பிள்ளைகள். சிலது பதிவேடு பாதியிலேயே எழுந்து ஓடியது. செல்லப்பாண்டி என்று ஒரு பயல் குச்சியை அடுக்குவதற்குப் பதிலாகக் கடித்துப் பார்த்தான். ஒருத்தி ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிவிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செல்லக்கனி வந்தாள். எலும்பும் தோலுமான பிள்ளை, கண்தான் பெரிசு. சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் அசையவில்லை. பன்னிரண்டு வரை எண்ணச் சொன்னால் இருபது வரை எண்ணிவிட்டு, "இன்னும் சொல்லவா டீச்சர்?" என்றாள். பாக்கு மெல்லுகிற நேரத்தில் சட்டம் நிறைந்துவிட்டது. பிறகு, பக்கத்தில் கிடந்த சிலேட்டை எடுத்து மடியில் வைத்து, அதைப் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். ஞானபூரணிக்கு அந்த நிமிசமே அவள்மேல் உயிராகிவிட்டது. இவள் ஒருத்திக்குப் பாடம் சொல்வதற்காகவே நாசரேத்திலிருந்து வந்தோம் என்று தோன்றியது.

பதினொரு பேர் தேறினார்கள், ஏழு பேர் தேறவில்லை. யோபு சார் பெயர்களை உரக்க வாசித்தார். வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வழித்துச் சீவிய தலையுமாக ஒருவர் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கல்வியில் அக்கறையுள்ள மனிதர் என்று டீச்சர் நினைத்தாள். அவர் பணிவாக வந்து, "தேறுன பிள்ளைக பேரு ஒரு சீட்டுல கிடைக்குமா டீச்சர்?" என்றார். அவள் தன் மணிமணியான கையெழுத்தில், தகப்பன் பெயரோடு, தெருப் பெயரோடு எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஏழு பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஏழும் தேறாத ஏழு. தேறிய பதினொன்றில் ஒன்றுகூட இல்லை.

"நீங்க தேறலையே, அடுத்த வருசம்தானே வரச் சொன்னேன்?" என்று கேட்டாள் டீச்சர்.

செல்லப்பாண்டியின் தாய்க்குக் கண் கலங்கியது. "இவன் எதுக்கும் லாயக்கு இல்லைன்னு நீங்களே சொல்லிப்புட்டீக. பள்ளிக்கூடத்துலயாச்சும் கிடந்துட்டுப் போகட்டும் டீச்சர்."

ஞானபூரணிக்கு ஒன்றும் புரியவில்லை. மதியம் வரை காத்திருந்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் சோலையம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

"செல்லக்கனி எங்க?"

"ஆபீசுக்குப் போயிருக்கா டீச்சர்," என்றாள் சோலையம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆபீசுக்கா? யாரைப் பார்க்க?"

"யாரைப் பாக்கவா? வேலைக்கு டீச்சர், வேலைக்கு!"

"ஆறு வயசுப் பிள்ளைக்கு எந்த ஆபீசுல வேலை குடுப்பாங்க?"

சோலையம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தீப்பெட்டி ஆபீசு டீச்சர். இந்தா, ஓடைக்கு அங்கிட்டுத் தெரியுது பாருங்க நீளக் கூரை. கட்டையில குச்சி அடுக்குற வேலை. நீங்க வச்ச பரீட்சைதான் டீச்சர் அது! அங்கன அடுக்குற கட்டைதான் உங்க கையில இருந்தது. ஏசெண்டு சங்கரலிங்கம் அண்ணாச்சி சொன்னாரு, டீச்சரே பாத்து விட்ட பிள்ளை, மறுபேச்சே இல்லைன்னு."

அந்த வட்டாரத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். நாற்காலி இல்லை, மின்விசிறி இல்லை, மசிக்கூடு இல்லை. ஆபீஸ்தான். பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சேதி, பயிற்சிப் பள்ளியில் முதல் வகுப்பில் தேறிய ஞானபூரணிக்குத் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். குரங்கானால்கூடப் பரவாயில்லையே! ஓடைக்கரையில் உட்கார்ந்து அவள் அழுதாள். சபையில் ஜெபம் பண்ண வைத்த தகப்பனாரை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அடுத்த வாரம், அன்று சைக்கிளோடு வந்து சீட்டு வாங்கிப்போன சங்கரலிங்கம் நன்றி சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். கையில் சிவகாசியில் அச்சடித்த காலண்டர். டீச்சர் வேதக்காரி என்பதால், இயேசுநாதர் குழந்தைகளை மடியில் வைத்திருக்கிற படமாகத் தேர்ந்தெடுத்திருந்தார். படத்துக்குக் கீழே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இயேசுநாதரைவிடப் பெரிசாக இருந்தது.

"முன்னெல்லாம் பத்துப் பிள்ளை எடுத்தா நாலு அழுதுக்கிட்டு ஓடிரும் டீச்சர். நீங்க பாத்து விட்டதுல ஒண்ணுகூடச் சோடை இல்லை. அடுத்த ஊருலயும் வந்து ஒருதரம் பரீட்சை வச்சீகன்னா மொதலாளி சந்தோசப்படுவாரு. இன்னொண்ணு, பன்னெண்டு வரைக்கும் எண்ணுதுக, நல்லதுதான். ஒரு குரோசுக்கு நூத்தி நாப்பத்திநாலு பெட்டி. அம்புட்டும் எண்ணப் பழக்கி விட்டா ரொம்ப உபகாரம்."

"வெளியே போங்க," என்றாள் ஞானபூரணி. அவருக்குக் கோபம் வரவில்லை. படித்தவர்களுக்கு அடிக்கடி இப்படித்தான் ஏதாவது வரும் என்று நினைத்துக்கொண்டு காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேரை மீட்கலாம் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மனசில் ஒரு முகம்தான் நின்றது. செல்லக்கனியை ஆபீசுக்குள் தள்ளியது சோலையம்மாள் இல்லை, சங்கரலிங்கமும் இல்லை, தானேதான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. தள்ளிய கைதான் இழுக்கவும் வேண்டும். மதியச் சாப்பாடு உண்டு என்று சொல்லிப் பார்த்தாள், யோபு சாரை அனுப்பிப் பார்த்தாள். சோலையம்மாள் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "தேறிட்டான்னு நீங்கதானே சொன்னீக?"

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. தேறியதால் போனாள் என்றால், தேறாவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்?

தீபாவளிக்கு ஆபீஸ் நாலு நாள் லீவு. டீச்சர் சோலையம்மாளிடம் போய், வாழ்நாளில் முதல் பொய்யைக் கூசாமல் சொன்னாள். "நாலு மாசத்துக்கு ஒருதரம் மறு பரீட்சை உண்டும்மா, சட்டமே அப்படித்தான். இதுல தவறிப்போனா பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரணும்."

"தவறவா? எம்மகளா?" என்று சிரித்த சோலையம்மாள், "தவறுனா நீங்களே வச்சுக்கோங்க டீச்சர்," என்று வாக்குக் கொடுத்தாள்.

அன்று பகலிலேயே கிணற்றடியில் செல்லக்கனியை டீச்சர் பிடித்தாள். "எண்ணும்போது பத்துக்கு அப்புறம் பதினஞ்சுன்னு சொல்லணும். உட்காரச் சொன்னா எந்திரிச்சு ஓடணும். குச்சியைக் கீழ கீழ போடணும். செய்வியாம்மா?"

செல்லக்கனி யோசித்தாள். "செஞ்சா சிலேட்டு தருவீகளா?"

"உனக்கே உனக்கு."

மறுநாள் முற்றத்தில் சோலையம்மாள், யோபு சார், டீச்சர், பிள்ளை என்று நாலு பேர்தான். யோபு சார் பதிவேட்டைத் திறந்ததும் செல்லக்கனி எழுந்து வேப்பமரத்தைச் சுற்றி ஓடினாள். நல்ல பிள்ளை! "எட்டு, ஒம்பது, பத்து, பதினஞ்சு" என்று எண்ணிவிட்டு டீச்சரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். சோலையம்மாளின் முகம் சுருங்கியது. டீச்சர் சிலேட்டை முந்தானைக்குள் தயாராக வைத்திருந்தாள். சட்டத்தையும் குச்சிகளையும் பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

முதல் குச்சி கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது குச்சி பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நாலு, ஐந்து, ஆறு. விரல்கள் இரண்டும் கோழி கொத்துகிற மாதிரி குனிந்து குனிந்து நிமிர்ந்தன. செல்லக்கனி சட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை, டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. கை நிற்கவில்லை. பாக்குக்கூட மென்றிருக்க முடியாது, அதற்குள் சட்டம் நிறைந்துவிட்டது.

"டீச்சர்," என்று தேம்பினாள் பிள்ளை. "கீழ போடணும்னுதான் நினைச்சேன். கை கேக்க மாட்டேங்குது."

யோபு சார் பதிவேட்டை மூடினார். சோலையம்மாள் மகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"தவறச் சொல்லிக் குடுத்து வச்சீகளா டீச்சர்? எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னு நினைச்சீகளா? மூணு வருசமாக் காடு காஞ்சு கிடக்கு. அவ கை அடுக்குறதுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. அந்தக் கையைத் தவற வைக்கப் பாக்கீகளே," என்று சொல்லிவிட்டு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். சிலேட்டு முந்தானைக்குள்ளேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஞானபூரணி டீச்சர் மாறிப்போனாள். பரீட்சையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சங்கரலிங்கம் தானே ஒன்று வைத்துக்கொள்வார். வருசாவருசம் ஜூன் மாதம் ஊரைக் கூட்டி நடத்தினாள். தேற வேண்டியவர்கள்தான் தேறவில்லை. கெட்டிக்காரப் பிள்ளையாகப் பார்த்துப் பார்த்து, "இதுக்குக் கை வியர்க்குது, குச்சியெல்லாம் நமுத்துப்போகும்," "இதுக்கு ஓரக்கண் பார்வை," "இது சொன்ன பேச்சுக் கேக்காத ஜென்மம்" என்று தள்ளினாள். வாயில் விரல் வைத்துக்கொண்டு நின்ற நாலு வயசுகளை, "ஆகா, ஆபீசுக்குன்னே பிறந்த பிள்ளை" என்று பாராட்டிச் சங்கரலிங்கத்துக்கு அனுப்பினாள். அவை அரை நாளில் ஆபீசை நாறடித்துவிட்டுத் திரும்பி வந்தன. இரண்டே வருசத்தில் சங்கரலிங்கம் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்துவதை விட்டுவிட்டார். "அந்த டீச்சருக்குப் பிள்ளைகளை எடைபோடவே தெரியலை" என்று ஆறு மைல் சுற்றளவுக்கும் பேச்சு. ஆய்வுக்கு வந்த அதிகாரிகூட, "இந்த ஆசிரியைக்குக் குழந்தைகளின் திறனைக் கணிக்கும் ஆற்றல் போதாது" என்று எழுதிவிட்டுப் போனார். ஒன்றாம் வகுப்பில் அந்த வருசம் முப்பத்தொரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதை யாரும் எழுதவில்லை.

பக்குவம் இல்லை என்று அவள் முதல் வருசம் ஒதுக்கிய ஏழு பேர் என்ன ஆனார்கள் என்றால், படித்தார்கள். பக்குவம் வந்துதான் பள்ளிக்கூடம் வரவேண்டும் என்பதில்லை, பள்ளிக்கூடம் வந்தால் பக்குவம் மெல்ல வரும்போல. குச்சியைக் கடித்துப் பார்த்த செல்லப்பாண்டி விருதுநகரில் விடுதியில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்தான். ஆபீசுக்குப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்காலி உள்ள ஆபீஸ்.

1967 ஜூன் மாதம். வரிசையில் கடைசியாகப் பதினாலு வயசுப் பெண் ஒருத்தி, ஆறு வயசுத் தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்தான் பெரிசு.

"செல்லக்கனியா?"

"ஆமா டீச்சர். இது சொர்ணலட்சுமி, எனக்கு அடுத்தவ. அம்மாவுக்கு ஆபீசுல சீசன் வேலை, வர முடியலை. இவளை நல்லாப் பாருங்க, ஒண்ணுக்கும் ஆக மாட்டா டீச்சர்."

டீச்சர் சட்டத்தையும் குச்சிகளையும் வைத்தாள். சொர்ணலட்சுமி உட்கார்ந்து, அக்காவை ஒருதரம் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். முதல் குச்சி கீழே விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. பத்து, இருபது, ஒன்றுகூடப் பள்ளத்தில் நிற்கவில்லை. எண்ணச் சொன்னால் பத்துக்கு அப்புறம் பதினைந்து என்றாள். உட்காரச் சொன்னால் எழுந்து வேப்பமரத்தைச் சுற்றி ஓடினாள். இத்தனை அழகாகத் தவற வேண்டுமானால் எத்தனை நாள் பழகியிருக்க வேண்டும்!

"ஆறு மாசமா வீட்டுல ஒரு குச்சியைத் தொட விடலை டீச்சர்," என்றாள் செல்லக்கனி மெதுவாக. "கை பழகிட்டா அப்புறம் கேக்காது."

பேசிக்கொண்டே, கீழே சிந்தியிருந்த குச்சிகளைப் பொறுக்கிச் சட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிவதற்குள் சட்டம் நிறைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"தேறலை," என்று டீச்சர் ஊர் கேட்க உரக்கச் சொன்னாள். பிறகு பதிவேட்டைத் திறந்து சொர்ணலட்சுமி என்று எழுதினாள். எட்டு வருசமாக மேசைக்குள் கிடந்த சிலேட்டை எடுத்து நீட்டினாள். செல்லக்கனி அதை வாங்கி, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி ஒருதரம் தடவி, தங்கச்சி கையில் கொடுத்தாள்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், சேர்க்க வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"அது எதுக்கு டீச்சர்?" என்று சிரித்தாள் செல்லக்கனி. "மசிப்பெட்டியை எடுங்க." சொல்லிக்கொண்டே இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.